எந்த டிங்கி வாங்குவது: ஒன் டிசைனா, டெவலப்மென்ட் கிளாஸா?

பர்மிங்ஹாமிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு நீர்த்தேக்கம் வரும். அதன் கரையில்தான் எங்கள் பாய்ப்படகு கிளப். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். திருச்சிக்காரத் தம்பி ஒருவர் வந்து போனை நீட்டினார். முந்தின கோடையில்தான் பயிற்சி வகுப்பு முடித்தவர். "அண்ணா, 600 பவுண்டுதான் கேக்கிறாங்க. கார்பன் மாஸ்ட். வாங்கிடவா?" படத்தில் இருந்தது ஒரு செரப். 12 அடி நீளம், இரண்டு பேர் ஓட்டுவது, ட்ரபீஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு போகவேண்டிய படகு. பார்க்க அவ்வளவு அழகு.

"போனைப் பையில் வையுங்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம்" என்று படகு நிறுத்தும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். எந்த டிங்கி, அதாவது எந்தச் சின்னப் பாய்ப்படகு, வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் செய்வது இதுதான். இந்த ஊரில் இருக்கிற நண்பர்களுக்கும், சென்னையில் புதிதாகப் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் அதையே இங்கே எழுதுகிறேன்.

மைதானத்தில் படகுகளை எண்ண வேண்டும். நிற்கிற எல்லாவற்றையும் அல்ல, ஓடுகிறவற்றை மட்டும். படகின் மேல் போட்டிருக்கும் உறையைப் பாருங்கள். மடிப்புகளில் பச்சைப் பாசி படிந்து, நடுவில் மழைத் தண்ணீர் குளம் கட்டி நின்றால் அந்தப் படகு ஒரு வருடமாவது தண்ணீரைப் பார்க்கவில்லை. ட்ராலியின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தாலும் அப்படித்தான். உறை சுத்தமாக இருக்கிறது, கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது, சக்கரத்தில் ஈரச் சேறு இருக்கிறது என்றால் அது ரேஸுக்குப் போகிற படகு. அன்றைக்கு நாங்கள் எண்ணியதில் சக்கரம் ஈரமாக இருந்தவை, படகு வகை வாரியாக, 14 லேசர், 9 சோலோ, 5 மெர்லின் ராக்கெட். செரப் ஒன்றே ஒன்று நின்றது. அதன் உறையில் பாசி.

லேசர் ஒன் டிசைன், செரப் டெவலப்மென்ட் கிளாஸ். சரி, இந்த இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம்? ஒன் டிசைன் என்பது ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி. எல்லா வீடும் ஒரே வரைபடம், ஒரே அளவு. யார் வீட்டை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டெவலப்மென்ட் கிளாஸ் என்பது மனை மட்டும் கொடுப்பது மாதிரி. நீளம் இவ்வளவு தாண்டக்கூடாது, எடை இவ்வளவுக்குக் குறையக்கூடாது, பாயின் பரப்பு இவ்வளவு என்று விதி எல்லையை மட்டும் சொல்லும். அதற்குள் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பது உங்கள் பாடு.

ஒரே மனிதர் இரண்டையும் செய்திருக்கிறார் என்பதை யோசித்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும். உஃபா ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர். 1936இல் நேஷனல் 12 என்ற 12 அடி டெவலப்மென்ட் கிளாஸ் தொடங்கியபோது அதன் ஆரம்பகாலப் படகுகளில் பலவும் அவர் வரைந்த வடிவம். போர் முடிந்து 1946இல் வந்த ஃபயர்ஃப்ளையும் அவர் வரைந்ததே, அதுவும் 12 அடி. ஆனால் அதை ஃபேரி மரீன் நிறுவனம் போர் விமானம் கட்டிய முறையிலேயே, மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவிச் சூடான அச்சில் அழுத்தி, ஒன்றைப் போலவே இன்னொன்றாக வார்த்துத் தள்ளியது. 1948 ஒலிம்பிக்கில், டார்பே கடலில், 20 வயது பால் எல்வ்ஸ்ட்ரோம் தன் 4 தங்கங்களில் முதலாவதை வென்றது இந்த ஃபயர்ஃப்ளையில்தான். இன்றும் பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்கள் அணி அணியாக மோதும் பந்தயங்களில் இதைத்தான் ஓட்டுகிறார்கள். படகுகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் ஒரு பந்தயம் முடிந்ததும் இரண்டு அணியும் படகை மாற்றிக்கொள்ள முடிகிறது. நேஷனல் 12 நேர்மாறு. 1936இன் படகையும் இன்றைய படகையும் பக்கத்தில் நிறுத்தினால் நீளம் ஒன்றுதான், மற்றபடி ஒரே குடும்பம் என்று சொல்ல மாட்டீர்கள்.

ஒன் டிசைனிலும் இரண்டு விதம் இருக்கிறது. விற்பவர்கள் இதை விளக்கிச் சொல்வதில்லை. லேசர், ஆர்எஸ் 200 போன்றவற்றில் படகு, மாஸ்ட் என்கிற பாய்மரம், பாய் எல்லாமே அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்துதான் வரவேண்டும். சொந்தமாக ஒரு துளை போடுவதற்கும் விதிப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். சோலோ, என்டர்பிரைஸ் இரண்டும் 1956இல் ஜாக் ஹோல்ட் வரைந்தவை. அங்கே வடிவம் ஒன்றுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கிக் கட்டலாம். அளவெடுப்பவர் வந்து சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவார். பாயை எந்தப் பாய் தைப்பவரிடமும் தைத்துக்கொள்ளலாம், மாஸ்டும் உங்கள் எடைக்கு ஏற்ப மெலிந்தது, தடித்தது என்று தேர்ந்தெடுக்கலாம். கை கொஞ்சம் துறுதுறு என்று இருக்கும், ஆனால் படகு பழசாகிவிடுமோ என்ற பயமும் இருக்கும் என்பவர்களுக்கு நான் சோலோவைத்தான் காட்டுவேன்.

டெவலப்மென்ட் கிளாஸிலும் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. மெர்லின் ராக்கெட்டைப் பாருங்கள். 14 அடி, பலகை மேல் பலகை ஏறிய பழைய தோற்றத்தை விதியே கட்டிக் காக்கிறது. பெயருக்கு வடிவம் திறந்திருந்தாலும் 'கேன்டர்பரி டேல்ஸ்' என்ற ஒரே வடிவம் பல காலமாகக் கோலோச்சுகிறது. இதனால் நன்றாகப் பேணிய 20 வருடப் படகை வைத்துக்கொண்டும் முன்வரிசையில் ஓடலாம். இன்டர்நேஷனல் மாத் இதற்கு மறு எல்லை. நீளம் 3.355 மீட்டர், அகலம் 2.25 மீட்டர் தாண்டக்கூடாது என்பார்கள், குறைந்தபட்ச எடை என்று ஒன்றே கிடையாது. 2000த்தை ஒட்டிச் சிலர் தண்ணீருக்கடியில் இறக்கை பொருத்தி, படகையே தூக்கிப் பறக்க விட்டார்கள். 2005இல் ரோஹன் வீல் அப்படிப் பறந்தே உலகப் பட்டம் வென்றார். அதன் பிறகு இறக்கை இல்லாத மாத் வைத்திருந்தவர்கள் முன்வரிசையைப் பார்க்கவே முடியவில்லை. அதிலும் ஒன் டிசைன் வேண்டும் என்பவர்களுக்காகப் பிற்பாடு வாஸ்ப் வந்தது. மாத் வடிவமைத்துப் பேர் வாங்கிய ஆண்ட்ரூ மெக்டூகலே அதையும் செய்தார்.

இதை ஒரு குறையாக மட்டும் பார்க்காதீர்கள். நாம் இன்று சாதாரணமாக அனுபவிக்கிற பல விஷயங்கள் இந்த வகைப் படகுகளிலிருந்து வந்தவை. 1928இல் உஃபா ஃபாக்ஸ் தன் 14 அடி 'அவெஞ்சர்' படகில் 57 பந்தயத்தில் 52ஐ வென்றார். அதன் அடிப்பகுதியின் வடிவத்தால், காற்று ஏறியதும் அது தண்ணீரைப் பிளப்பதை விட்டுவிட்டு மேலே வழுக்கி ஓடியது. 1938இல் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும் அதே கிளாஸில் ட்ரபீஸை முதன்முதலாகக் கட்டிப் போய்ப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை வென்றார்கள். உடனே அது தடை செய்யப்பட்டு, மறுபடி அனுமதி கிடைக்கப் பல வருடம் ஆனது. இன்று 420இல் தொங்குகிற சென்னைப் பிள்ளைகள் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறார்கள்.

இனி என் கதை. 2012இல் நான் வாங்கிய முதல் படகு 1980களில் கட்டிய மர நேஷனல் 12. விலை 850 பவுண்டு. வார்னிஷ் பளபளப்பில் மயங்கிப் போய் வாங்கினேன். என் மனைவியும் நானும் சேர்ந்து 118 கிலோ, அந்தப் படகுக்குப் பொருத்தமான எடைதான். ஆனால் எங்கள் கிளப்பில் வேறு நேஷனல் 12 ஒன்றுகூட இல்லை. அதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

தனிப் படகாக இருந்தால், வேறு வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடும் ஹேண்டிகேப் பந்தயத்தில்தான் ஓட வேண்டும். பிரிட்டனில் ஒவ்வொரு கிளாஸுக்கும் போர்ட்ஸ்மவுத் எண் என்று ஒன்று உண்டு. வேகமான படகுக்குச் சின்ன எண். நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். எண்கள் வருடா வருடம் கொஞ்சம் மாறும். கணக்குக்காக லேசருக்கு 1100, நேஷனல் 12க்கு 1060 என்று வைத்துக்கொள்வோம். லேசர் 50 நிமிடத்தில் முடித்தால் நான் அதைச் சமன் செய்ய 48 நிமிடம் 11 நொடிக்குள் கோட்டைத் தொட வேண்டும். ஒரு புதன்கிழமை மாலை லேசர்களை எல்லாம் முந்தி வந்து முடித்தோம். சந்தோஷமாகத் தேநீர் குடித்துவிட்டு முடிவுப் பலகையைப் பார்த்தால் ஒன்பதாவது இடம். அந்த எண் நேஷனல் 12 கூட்டம் முழுவதற்கும் பொதுவானது. என்னுடையதைவிடப் பல வருடம் புதிய படகுகளின் வேகமும் அதற்குள் இருக்கிறது.

ஒன்பதாவது வந்தது எனக்கு வருத்தமில்லை. ஏன் ஒன்பதாவது என்று தெரியாமல் போனதுதான் வருத்தம். படகு பழசு என்பதாலா? நான் மிதவையைச் சுற்றும்போது அகலமாகத் திரும்பியதாலா? இடையில் காற்று செத்துப் போனதாலா? ஒரு பருவம் முழுவதும் இதே கேள்வி. லேசரில் இந்தக் குழப்பம் இல்லை. பக்கத்தில் ஒருவர் அதே படகில், அதே பாயில், அதே காற்றில் உங்களைவிட வேகமாகப் போகிறார் என்றால் அவரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அவர் உடலை எவ்வளவு வெளியே சாய்க்கிறார், கயிறை எத்தனை அங்குலம் தளர்த்துகிறார், சுக்கானை எவ்வளவு குறைவாக அசைக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும். புதிதாக ரேஸுக்கு வருகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அதனால் முதல் படகு, உங்கள் கிளப்பில் குறைந்தது ஐந்தாறு படகாவது ஓடுகிற ஒன் டிசைனாக இருக்கட்டும்.

அந்த நேஷனல் 12ஐ நான் விற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கராஜில் ஹீட்டர் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். மாஸ்டின் காலை 4 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினேன், பாயின் அடியில் இருக்கும் பூம் என்கிற கட்டையைக் கீழே இழுக்கும் கயிற்றுக்குக் கூடுதலாக இரண்டு கப்பி போட்டேன். அடுத்த மே மாதம் வேறொரு ஏரியில் நேஷனல் 12 படகுகள் மட்டும் கூடும் போட்டிக்கு இழுத்துக்கொண்டு போனோம். இருபது படகு. முதல் பந்தயம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. காற்றை எதிர்த்துப் போகும்போது நாங்கள் அவர்களோடு சமமாக இருந்தோம், காற்றோடு போகும்போது பின்தங்கினோம். இடைவேளையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் படகுக்குள் குனிந்து பார்த்து, படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகையான சென்டர்போர்டைக் கைப்பிடி வரை மேலே இழுத்துக் காட்டினார். "இந்த வடிவத்துக்கு இவ்வளவு தூக்க வேண்டும், பயப்படாதே" என்றார். இப்படி ஒருவர் படகுக்குள் இன்னொருவர் தலையை விட்டு, கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லித் தரும் பழக்கத்தை நான் டெவலப்மென்ட் கிளாஸ்களில்தான் அதிகம் பார்த்தேன். நான் படகில் தவறு செய்யவில்லை, இடத்தில் தவறு செய்திருந்தேன்.

2015இல் ஒரு பழைய லேசரும் வாங்கினேன். இப்போது இரண்டும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை லேசர், வெளியூர்ப் போட்டிக்கு நேஷனல் 12.

அடுத்து உடல் எடை. கடைசியில்தான் பலரும் இதை யோசிக்கிறார்கள், முதலிலேயே யோசிக்க வேண்டும். 1971இல் விற்பனைக்கு வந்த லேசர் 2019இல் தயாரிப்பாளர் தகராறு ஒன்றுக்குப் பிறகு ஐ.எல்.சி.ஏ என்று பெயர் மாறியது. எங்கள் கிளப்பில் இன்னும் லேசர் என்றுதான் சொல்கிறோம். அதன் உடல் ஒன்றுதான், பாயும் மாஸ்டின் கீழ்ப்பாதியும்தான் மூன்று அளவில் வரும். 7 என்பது 7.06 சதுர மீட்டர், 6 என்பது 5.76, 4 என்பது 4.7. 80 கிலோ தாண்டியவர்களுக்கு 7, 60 முதல் 70 வரை 6, அதற்கும் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு 4. நம் ஆட்கள் பலரும் 65 கிலோவை ஒட்டி இருப்போம். நண்பர்கள் ஓட்டுகிறார்களே என்று 7ஐ வாங்கினால் காற்று ஏறும் நாளெல்லாம் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். இந்த இடத்தில் டெவலப்மென்ட் கிளாஸ் வசதியானது. கனமான ஜோடிக்கு ஒரு வடிவம், லேசான ஜோடிக்கு ஒரு வடிவம், ஏரிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று பழைய படகுகளிலேயே தேடி எடுக்கலாம்.

பழைய லேசரைப் பார்க்கப் போனால் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். டெக்கில் மாஸ்ட் இறங்கும் குழி இருக்கும், அதை விளிம்பு வரை நிரப்பிவிட்டு விற்பவரோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடிப்பகுதி விரிசல் விட்டு, படகின் வயிற்றுக்குள் ஒழுகுகிறது. அந்த இடத்தில் பலவீனமான படகு, ஒருநாள் பலத்த காற்றில் மாஸ்டோடு டெக்கையும் பெயர்த்துவிடும். பிறகு உள்ளங்கையால் குழியைச் சுற்றி டெக்கை அழுத்துங்கள். உறுதியாக நிற்க வேண்டும், அப்பளம் மாதிரி அமுங்கக்கூடாது. பின்பக்க அடைப்பானைக் கழற்றி, மூக்கைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே தங்கிய தண்ணீர் வெளியே வரும். வெறும் உடல் 59 கிலோ இருக்க வேண்டியது. இரண்டு பேர் தூக்கும்போதே கை வலித்தால் விலகிவிடுங்கள். பாயைப் பொறுத்தவரை, அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளருடையதுதானா என்று பாருங்கள். மலிவான நகல் பாய்கள் பயிற்சிக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் கிளாஸ் பந்தயத்தில் விடமாட்டார்கள்.

டெவலப்மென்ட் படகு என்றால் முதலில் அளவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் வடிவத்தின் பெயர், கட்டிய வருடம், எடை எல்லாம் இருக்கும். காகிதம் இல்லையென்றால் விலையை நன்றாகக் குறைத்துப் பேசுங்கள், மறுபடி அளவெடுக்க அலைய வேண்டியிருக்கும். பிறகு இருக்கைக்கு அடியில் குனிந்து, திருகு போட்டு மாட்டிய ஈயக் கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். ஈயம் இருந்தால் நல்ல செய்தி. படகு விதியைவிட லேசாகப் பிறந்திருக்கிறது, குறைந்தபட்ச எடையைத் தொடுவதற்காக அதைச் சேர்த்திருக்கிறார்கள். நேஷனல் 12க்கு அந்த எடை 78 கிலோ. ஈயமே இல்லாமல் 90 கிலோ காட்டினால் 12 கிலோ தண்ணீர் குடித்த மரத்தை ஒவ்வொரு பந்தயத்திலும் சுமக்கப் போகிறீர்கள். மரமென்றால் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் உள்ளே இற்றுப் போயிருக்கிறது. கடைசியாக, உடைந்தால் எங்கே வாங்குவது என்று கேளுங்கள். லேசரின் சுக்கான் உடைந்தால் கடைக்குப் போன் செய்தால் போதும். இதற்கு யாராவது செய்து தர வேண்டும், இல்லை நீங்களே செய்ய வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் பாதிக் கேள்வி எழவே எழாது. துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம் போனால் கண்ணில் படுவது ஆப்டிமிஸ்ட், லேசர், 420, 29இஆர் மாதிரியான ஒன் டிசைன்கள்தான். அதுவே சரியும்கூட. ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பெண் பாய்ப்படகு வீரரான நேத்ரா குமணன், 2023இல் நடந்த ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற வேலூர் விஷ்ணு சரவணன், இருவரும் வளர்ந்தது லேசரில். ஐரோப்பாவில் ஒரு போட்டி என்றால் படகைக் கப்பலேற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. அங்கே போய் வாடகைக்கு எடுத்தாலும் வீட்டில் ஓட்டிய அதே படகு. ஒலிம்பிக்கில் அவர்களே படகைக் கொடுத்துவிடுகிறார்கள். நேஷனல் 12ஐச் சென்னையில் வைத்துக்கொண்டு யாரோடு மோதுவது?

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதமாவது அடுத்தவர் படகில் ஏறுங்கள். இரண்டு பேர் ஓட்டும் டெவலப்மென்ட் படகுகளில் முன்னால் உட்கார ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் எந்தக் கிளப்பிலும் உண்டு. புதன்கிழமை மாலை நனையத் தயாராக உடை மாற்றிக்கொண்டு கரையில் நின்றாலே யாராவது கூப்பிடுவார்கள். பந்தயம் முடிந்து கரை ஏறியபின் கவனியுங்கள், படகை விட உங்களைப் பற்றி அதிகம் தெரியவரும். ஓடிய பந்தயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களா, இல்லை அந்தக் கப்பியை வேறு இடத்தில் மாட்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று கை துறுதுறுக்கிறதா?

தம்பி செரப் வாங்கவில்லை. 66 கிலோ ஆள், 1,100 பவுண்டுக்கு ஒரு லேசர் எடுத்தார், 6 அளவுப் பாயோடு. குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த இரண்டாவது படகு அது. முதலாவதில் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியது, விட்டுவிட்டு வந்தோம். என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவு வேலை இருக்கும் புதன்கிழமைகளில் தம்பிதான் என் நேஷனல் 12இல் முன்னால் உட்காருகிறார். போன வாரம் கரை ஏறியதும் பென்சில் கேட்டார். முன்பாயின் கயிறு ஓடும் கொக்கிக்குப் பின்னால், இருக்கையின் மேல், சின்னதாக ஒரு கோடு போட்டார். "அண்ணா, இதை 2 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினா பாயோட மேல்பகுதி கொஞ்சம் திறக்கும்ல?" திறக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. சனிக்கிழமை துளை போட்டோம்.